டென்ஷனுக்கு ஒரு ஊசி!

செமஸ்டர் டைம்டேபிள் ஒட்டியாச்சா? மேத்ஸ் புக்கைத் திறந்தாலே வயித்தைக் கலக்குதா? வாங்க மக்களே, ஒரு ஊசி போட்டுடலாம். பயப்படாதீங்க... இது க்ரோஷா ஊசி!

'அய்யே, பாட்டிங்க வேலையாச்சே'ன்னு சிரிக்கிற பசங்களுக்கு ஒரு மேட்டர். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் டைவிங் தங்கம் ஜெயிச்ச பிரிட்டிஷ் வீரர் டாம் டேலி, கேலரியில் உட்கார்ந்து கூலாக நூல் பின்னிக்கொண்டிருந்தார். மெடலுக்கே ஒரு பை பின்னினார்! மனசு தடுமாறாமல் இருக்க நிட்டிங்கும் க்ரோஷாவும்தான் கைகொடுத்ததுன்னு அவரே சொன்னார்.

அப்படி என்ன இருக்கு இதில்? ரெண்டு கையும் பிஸி. செல்போனை நோண்ட முடியாது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கண்ணியை எண்ணிட்டே இருக்கணும், 'அரியர் விழுந்துட்டா?'ன்னு யோசிக்க நேரமில்லை.

எல்லாத்தையும்விட பெரிய விஷயம்... கண்ணி தப்பிப்போச்சா? நூலை ஒரு இழு இழுங்க. சரசரன்னு பிரிஞ்சு, அதே நூல் கைக்கு வந்துடும். மறுபடி போடலாம். எக்ஸாம் ஃபீஸ் கிடையாது! ஒரு தப்போடு எல்லாம் முடிஞ்சிடாதுன்னு யார் சொன்னாலும் மண்டையில் ஏறாது. விரலுக்குச் சீக்கிரம் ஏறிடும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குத் தடிமனான உல்லன் நூலும் 5 மி.மீ. ஊசியும் ஈஸி. படிப்புக்கு நடுவே பத்தே நிமிஷம். நிறுத்தும்போது ஊசியில் ஒரே ஒரு கண்ணிதான் இருக்கும். அப்படியே வெச்சிட்டுப் போகலாம்.

வாரக்கணக்கில் தூக்கமே வரலையா? அப்போ இந்த ஊசி மட்டும் போதாது. டெலி மானஸ், 14416... இலவசம்தான், கூச்சப்படாமல் பேசுங்க.

பத்து நிமிஷம் ஆச்சா? ஊசியை வெச்சிட்டு புக்கை எடுங்க பாஸ்!