கைத்தொழில் பக்கம்: உளிக்கும் ஓர் இருப்பிடம் வேண்டும்

தம் கையால் உழைத்து உண்பவரை நம் மார்க்கம் உயர்ந்த இடத்தில் வைத்துப் போற்றுகிறது. நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பின் ஊதியத்தையே உண்டு வந்தார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ள நபிமொழி கூறுகிறது. நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மதீனாப் பள்ளியில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நின்று உரை நிகழ்த்திய மிம்பரும் ஒரு தச்சரின் கைகளில் உருவானதே. உளியும் கொட்டாப்புளியும் முஸ்லிம் இல்லத்துக்கு அந்நியமானவை அல்ல.

இன்றும் நம் இல்லங்களில் ஓய்வு நேரத்தை மரச்செதுக்கு வேலையில் செலவிடுவோர் உளர். ஒருவர் ஒரே பலகையைப் பிளந்து, ஆணியின்றி ஒன்றுக்குள் ஒன்று கோத்து விரியும் ரைஹால் செய்கிறார். மற்றொருவர் பிஸ்மில்லாஹ்வை எழுத்தணியாகப் பலகையில் வடிக்கிறார். எந்த உளி நல்லது, எந்த மரம் செதுக்க இணங்கும் என்று இவர்கள் ஆர்வத்துடன் கேட்டறிகின்றனர். ஆனால், வேலை முடிந்தபின் அந்த உளியை எங்கே வைப்பது என்று கேட்போர் குறைவு. தொழிற்கூடம் கடைத்தெருவில் இருந்தால் இரவில் பூட்டிவிட்டு வரலாம். வீட்டின் பின்கட்டோ மாடியறையோ தொழிற்கூடமாகும்போது, அந்த உளி குடும்பத்தார் அனைவருடனும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. ஆகவே, இம்மாதம் உளியின் இருப்பிடத்தைப் பற்றியே பேசுவோம்.

கூர்முனையும் மார்க்கமும்

அம்புகளுடன் பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ செல்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எவருக்கும் அதனால் காயம் நேர்ந்துவிடக் கூடாது என்பதே காரணம். உறையிலிருந்து உருவிய வாளைக் கைமாற்றிக்கொள்வதையும் அவர்கள் தடுத்தார்கள் என்று அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம்.

இக்கட்டளைகளின் உட்கருத்தைச் சற்றே சிந்திக்க வேண்டும். வழியில் வருபவர் விலகிச் செல்லட்டும் என்று கூறப்படவில்லை. கூர்முனையைக் கையில் வைத்திருப்பவர்மீதே பொறுப்புச் சுமத்தப்பட்டிருக்கிறது. அம்பும் வாளும் இன்று நம் கையில் இல்லை, உளி இருக்கிறது. செதுக்குளியின் அலகு சாதாரணத் தச்சு உளியைவிட மெல்லியது. அது தோலைக் கிழிப்பது வலியாகத் தெரிவதற்கு முன்பே ஆழம் சென்றுவிடும். உள்ளங்கையில் பதிந்தால் விரலை மடக்கும் தசைநாணையே அறுத்துவிடக் கூடும். பெருக்க வரும் உம்மாவோ, பந்தைத் தேடி வரும் பேரப்பிள்ளையோ காயமுற்றால், "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்கும் உரிமை நமக்கில்லை. "உளி ஏன் அங்கே கிடந்தது?" என்பதே முதற்கேள்வி.

பாங்கோசையும் பணிமேசையும்

இப்ராஹீம் இப்னு மைமூன் (ரஹ்) என்னும் பொற்கொல்லர் சுத்தியலை ஓங்கிய நிலையில் பாங்கோசை கேட்டால், அந்த அடியை அடிக்காமலே விட்டுவிடுவார் என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் எழுதி வைத்துள்ளனர். அந்த உள்ளம் நமக்கும் வேண்டும். ஆயினும், கீழே வைத்த சுத்தியல் எவரையும் அறுக்காது, உளி அறுக்கும்.

வேலையை இடையில் நிறுத்திவிட்டு எழுந்து செல்வது நம் அன்றாட வழக்கம். லுஹருக்கும் அஸருக்கும் மஃரிபுக்கும் பணிமேசையை விட்டு எழுகிறோம். பள்ளிக்குச் சென்று திரும்பும் அந்த அரைமணி நேரத்தில்தான் மேசை காவலின்றிக் கிடக்கிறது. எனவே, நம் வீட்டுத் தொழிற்கூடத்தின் ஒழுங்கை அளக்கும் கோல் இதுவே: இகாமத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்திலும், மேசையிலுள்ள உளிகள் அனைத்தையும் ஒரு நிமிடத்துக்குள் அவற்றின் இடத்தில் சேர்த்துவிட முடிய வேண்டும். முடியவில்லையெனில், ஒன்று அந்த இடம் தொலைவில் இருக்கிறது. அல்லது தேவைக்கு மேற்பட்ட உளிகள் மேசைமீது இருக்கின்றன. அப்போதைய வேலைக்கு வேண்டிய ஐந்தாறு உளிகளை மட்டும் வெளியே எடுப்பது நல்ல பழக்கம்.

அலகை அலகு தீண்டலாகாது

உளிகளை இழுப்பறையிலோ தகரப் பெட்டியிலோ ஒன்றாகக் கொட்டி வைப்பது நம்மிடையே காணப்படும் வழக்கம். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எஃகு எஃகின்மீது மோதி, அலகில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் விழுகின்றன. அத்தகைய உளியால் செதுக்கினால் வழவழப்பாக இருக்க வேண்டிய பள்ளத்தில் கீறல் கீறலாகக் கோடுகள் தெரியும். கூர் மழுங்கிய உளியை அதிக விசையுடன் தள்ள நேரிடும். அவ்வாறு தள்ளும்போதுதான் அது வழுக்கி மறுகையில் பாய்கிறது. உளியைக் காப்பதும் கையைக் காப்பதும் வெவ்வேறு அல்ல.

ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்கள் 1187 இல் பைத்துல் முகத்தஸை மீட்டபின் அக்ஸா பள்ளியில் வைத்த மிம்பரை நம்மில் பலர் படங்களில் கண்டிருப்போம். நூருத்தீன் ஸன்கீ (ரஹ்) அவர்களின் கட்டளைப்படி அலெப்போ நகரக் கைவினைஞர்கள் செய்த அது, எண்ணற்ற சிறு மரத்துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து இழைத்த அரும்பொருள். 1969 இல் தீவைக்கப்பட்டு எரிந்தது. பழைய முறையிலேயே மீண்டும் செய்யப்பட்ட மிம்பர் 2007 இல் அங்கு வைக்கப்பட்டது. பசையும் ஆணியுமின்றித் துண்டுகள் பொருந்தி நிற்க வேண்டுமாயின், அவற்றை வெட்டிய அலகுகள் எவ்வளவு கூர்மையாகப் பேணப்பட்டிருக்க வேண்டும்! நம் வீட்டு ரைஹாலின் கீலுக்கும் அதே விதிதான்.

நிலைப்பெட்டி செய்யும் முறை

பன்னிரண்டு உளிகளுக்கான நிலைப்பெட்டியை எவரும் ஒரே நாளில் செய்துவிடலாம். 60 செ.மீ. நீளமுள்ள நன்கு உலர்ந்த பலகையை எடுத்து, 5 செ.மீ. இடைவெளியில் பன்னிரண்டு துளைகள் இடுக. பிடிகள் ஏறக்குறைய 3 செ.மீ. பருமன் உள்ளவையாயின், இரண்டு பிடிகளுக்கு இடையே விரல் நுழைய 2 செ.மீ. இடம் கிடைக்கும். துளை அலகைவிடச் சற்றுப் பெரிதாகவும் பிடியைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் அலகு உள்ளே இறங்கிப் பிடி மேலே தங்கும். அகன்ற தட்டையுளிக்கு வட்டத் துளைக்குப் பதிலாக நீண்ட பிளவு வெட்டுக.

இப்பலகையை மூடியாகக் கொண்டு, நாற்புறமும் அடியும் அடைத்த பெட்டி ஒன்று செய்ய வேண்டும். அதன் ஆழம், துளைக்குக் கீழே இறங்கும் அலகுகளில் மிக நீண்டதைவிட மூன்று செ.மீ. கூடுதலாக இருக்கட்டும், அலகின் முனை அடிப்பலகையைத் தொடவே கூடாது. அலகை மேல்நோக்கி வைத்தால் உளியை அடையாளம் காண்பது எளிது என்பது உண்மையே. தனிக்கூடத்தில் அது பொருந்தலாம். பிள்ளைகள் உலவும் வீட்டில் அலகு கீழ்நோக்கி, அடைப்புக்குள் இருப்பதே முறை. பெட்டியைச் சுவரில் 150 செ.மீ. உயரத்துக்கு மேல் பொருத்துக. அதன் அடியில் ஏறி நிற்கத்தக்க முக்காலி எதையும் போட்டு வைக்க வேண்டாம்.

அலகு மறைந்திருக்க, எந்த உளி எதுவென்று அறிவது எப்படி? துளைக்கு நேராகப் பெட்டியின் முகப்பில் அந்த உளியையே மெல்ல அழுத்தி அதன் தடத்தைப் பதித்துவிடுக. தட்டையுளி நேர்க்கோடாகவும், குழிவுளி பிறை வடிவாகவும் தடம் பதிக்கும். இதனினும் தெளிவான பெயர்ப்பலகை வேறில்லை. எழுத்தறியாச் சிறுவனும் உளியை அதற்குரிய இடத்தைப் பார்த்து அறிவான்.

வரிசையை அகலத்தைக் கொண்டு அமைப்பதைவிட வளைவைக் கொண்டு அமைப்பது மேல். விலைக்கு வரும் செதுக்குளிகள் பலவற்றில் வளைவுக்கு ஓர் எண்ணும், அகலத்துக்கு மில்லிமீட்டரில் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர முறைப்படி 3 என்பது ஏறக்குறையத் தட்டையான வளைவு. 9 என்பது அரைவட்டம். 11 என்பது ஆழ்ந்த பள்ளம். தட்டையிலிருந்து ஆழத்தை நோக்கி இடமிருந்து வலமாக அடுக்கினால், கை நாளடைவில் கண்ணின் துணையின்றியே தேவையானதை நாடும்.

அரிதாகப் பயன்படும் உளிகளைக் கித்தான் துணியில் தனித்தனிப் பைகளாகத் தைத்துச் சுருட்டி வைக்கலாம். தையல் அறிந்த இல்லத்தரசிக்கு இது ஒரு மாலை வேலை. அலகுகளின்மேல் மடிந்து விழும் துணி மடிப்பு ஒன்றும் அதில் அவசியம் இருக்கட்டும்.

கடற்காற்றும் துருவும்

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றே உளியின் பெரும்பகை. வேலை முடிந்ததும் அலகை உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயை மெல்லியதாகப் பூசுக. சமையல் எண்ணெய் வேண்டா. அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். தோலுறையில் நெடுநாள் வைப்பதும் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டவைக்கும். மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் கசியுமாதலால், பெட்டிக்கும் சுவருக்கும் இடையே 2 செ.மீ. கட்டை வைத்துக் காற்றோட விடுக.

சாணைக்கல்லும், தீட்டிய பின் அலகை வழிக்கும் தோல்வாரும் மூடியுள்ள தனிப்பெட்டியில் இருக்கட்டும்; மரத்தூள் படிந்த கல் கூர்செய்யாது. மழுங்கிய உளிகளுக்கென ஓர் இடத்தையும் ஒதுக்குக. மழுங்கியதை மீண்டும் வரிசையில் செருகுவது நாளைய வேலைக்கு இன்றே இடையூறு தேடுவதாகும்.

மெருகிடப் பயன்படும் ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிவது பேராபத்து. அந்த எண்ணெய் உலரும்போது தானே வெப்பத்தை உண்டாக்கும்; சுருண்ட துணியில் அவ்வெப்பம் தேங்கி, தீப்பொறியின்றியே பற்றிக்கொள்ளும். துணியைத் திறந்த வெளியில் விரித்து உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும். உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை இங்கே நினைவிற்கொள்வோமாக.

எண்ணி வைத்தல்

பன்னிரண்டு உளிகளுக்குப் பன்னிரண்டு துளைகள் மட்டுமே இருக்கட்டும். கூடுதலாக ஒரு துளை இருந்தாலும், அது வெற்றிடமா, வராத உளியின் இடமா என்று தெரியாது. துளைகள் கணக்காக இருந்தால், வெறுமையாக நிற்கும் ஒன்று கண்ணில் உடனே படும். சீவல்களுக்கு அடியில் மறைந்து கிடக்கும் உளியை, பெருக்குகிறவரின் கைக்கு முன்னே நம் கண் கண்டுகொள்ளும். இரவில் விளக்கை அணைக்குமுன் பெட்டியை ஒருமுறை நோக்குவதற்கு நொடிப்பொழுது போதும்.

பிள்ளைகளை அவ்விடத்திலிருந்து விரட்டிக்கொண்டே இருப்பது பயனற்றது. விலக்கப்பட்ட இடத்தின்மீது ஆவல் மிகும். அருகில் அமர்த்தி, ஒவ்வோர் உளியின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். பிடியை வாங்குபவர் பக்கமாகத் திருப்பிக் கொடுக்கும் முறையைக் கற்பியுங்கள். வேலை முடிந்ததும் தடத்தைப் பார்த்து உளிகளை அதனதன் துளையில் செருகும் பணியை, உங்கள் கண்முன், வயது வந்த பிள்ளையிடம் ஒப்படையுங்கள். அமானிதம் என்னும் சொல்லின் பொருளை அவன் தன் கையாலேயே அறிந்துகொள்வான். ஒருநாள் அந்த உளிகள் அவனுக்கே சேரும்போது, துருவேறிய இரும்புக் குவியலாக அன்றி, தன் வாப்பாவின் கைவண்ணம் மாறாத கருவிகளாக அவனை வந்தடையும்.

வல்ல நாயன் நம் கைகளின் உழைப்பில் பரக்கத் செய்து, நம் கருவிகளால் எவருக்கும் தீங்கு நேராமல் காத்தருள்வானாக. ஆமீன்.