கேள்வி கொழுந்து மலையில் இருக்கிறது

ஹேவாஹெட்ட மலைகளிலே கொழுந்து பறிக்கும் நம் தாய்மாருக்கு நாற்பது வயது கடந்ததும் வெள்ளெழுத்து வருகிறது. அது அவர்களுக்கு மட்டும் வருவதன்று. கண்ணின் வில்லை நெகிழ்ச்சி இழப்பதால் மனிதர் எல்லோருக்கும் வருவதே. கந்தோரில் இருப்பவர் அன்று மாலையே கண்ணாடிக் கடைக்குப் போகிறார். மலையில் நிற்பவளோ, இரண்டு இலையும் ஒரு மொட்டும் மங்கலாய்த் தெரிய, விரற்பழக்கத்தை நம்பிப் பறிக்கிறாள். நிறுவையில் குறைந்தால் அரைப்பேர். முற்றிய இலை கலந்தால் கணக்கப்பிள்ளையின் ஏச்சு. "வயது போயிற்று, கை ஓடவில்லை" என்று அவளே தன்னை நொந்துகொள்கிறாள். ஓடாதது கையா, கண்ணா?

இக்கேள்வியை அஸ்ஸாமிலே கேட்டார்கள். 2017ஆம் ஆண்டு அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளரைத் தெரிந்தெடுத்து, ஒரு பாதியினருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடியை உடனே கொடுத்தார்கள். மறுபாதியினருக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தார்கள். நாள்தோறும் கொழுந்து நிறுக்கப்பட்டது. கண்ணாடி அணிந்தோரின் பறிப்பு மற்றவரைவிட 21 வீதத்துக்கு மேல் உயர்ந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அந்த உயர்வு 31 வீதத்தையும் கடந்தது. கண்ணாடிக்கும் அதைக் கொண்டுசேர்ப்பதற்கும் ஆன செலவு ஆளுக்குப் பத்து டொலர் அளவுதான்! 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் ஏட்டில் இம்முடிவு வெளிவந்தது.

அப்படியானால் கண்ணாடியை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாதா, கலாநிதிப் பட்டம் எதற்கு என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். கொடுக்கக்கூடியதை இன்றே கொடுங்கள் என்றே நாமும் சொல்கிறோம். ஆனால் அஸ்ஸாமின் தோட்டங்கள் பெரும்பாலும் சமவெளியில் உள்ளவை. நம்முடையது செங்குத்துச் சரிவு. கிட்டப்பார்வைக் கண்ணாடி செடியைத் தெளிவாக்கும். ஆனால் அதன் வழியே கீழே நோக்கினால், கால் வைக்க வேண்டிய கல் மங்கும். முதுகிலே கூடைச் சுமையோடு இறங்குபவளுக்கு அது சிறிய விஷயமன்று. மழையிலும் மூடுபனியிலும் கண்ணாடியில் நீர் படியும். அரைவட்டக் கண்ணாடி உதவுமா, இருபார்வைக் கண்ணாடியா, கழுத்தில் கயிறிட்டு மாட்டுவதா? சரிவிலே நடந்து அளந்தால்தான் விடை கிடைக்கும். மரக்கறித் தோட்டக்காரரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். பூச்சிமருந்துப் போத்தலின் பொடி எழுத்தை வாசிக்க முடியாமல் குத்துமதிப்பாய்க் கலக்கும் கமக்காரனுக்கும் கண்தான் குறை.

கண்பார்வை அளவியல், அதாவது ஒப்டோமெட்ரி, வெறும் கண்ணாடிக் கடைத் தொழிலன்று. சென்னையிலே எலீட் கல்லூரி 1985 முதல் அதைப் பட்டப்படிப்பாகக் கற்பித்து வருகிறது. அங்கே பயின்றவர்கள் பலர் முனைவர் பட்டமும் பெற்றிருக்கிறார்கள். சிட்னியிலும் பர்மிங்காமிலும் வாட்டர்லூவிலும் பல்கலைக்கழகங்கள் இத்துறையில் கலாநிதி ஆய்வுக்கு இடமளிக்கின்றன. அங்கெல்லாம் செல்ல விரும்பும் மலையகப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது ஒன்றே: பட்டத்தைத் தேடுமுன் கேள்வியைத் தெரிந்துகொள்ளுங்கள். கையில் கேள்வி இல்லாமல் போகிறவர் பேராசிரியரின் கேள்விக்கு மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்துத் திரும்புவார். அதுவும் அறிவுதான், குறைசொல்ல மாட்டோம். ஆயினும் நம் லயத்துக் கேள்வியைப் பிறர் வந்து கேட்பாரென்று எத்தனை காலம் காத்திருப்பது?

காத்திருந்த கதை நமக்குப் பழகியதே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இந்த ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதை உலகம் கொண்டாடுகிறது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றை ஏற்றது. அந்தப் பள்ளிகளிலிருந்து இன்று பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இனித் தடை ஆளில்லாமை அல்ல.

ஆகவே பேராதனையைக் கேட்கிறோம். ஹேவாஹெட்டயிலிருந்து ஒரு பஸ் பயணத் தொலைவில் மருத்துவ பீடமும் உண்டு, துணைமருத்துவ பீடமும் உண்டு, விவசாய பீடமும் உண்டு. இம்மூன்றும் ஒன்றுகூடி, வெளிநாட்டு ஒப்டோமெட்ரித் துறையொன்றின் துணையோடு, இந்த மலையையே ஆய்வுக்களமாகக் கொண்ட ஒரு கலாநிதி ஆய்வை ஏன் தொடங்கக் கூடாது? தோட்டக் கம்பனிகள் நிறுவைப் பதிவேட்டைத் திறந்து கொடுக்கட்டும். பறிப்புக் கூடினால் இலாபம் அவர்களுக்கும்தான். கூலிப் பேச்சில் கிலோவுக்காக வாதாடும் தொழிற்சங்கத் தலைவர்கள், அந்தக் கிலோவைப் பறிக்கும் கண்ணுக்காகவும் ஒரு வரி சேர்க்கட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. கூடுதலாகப் பறிக்க முடிகிறதென்று காட்டி நாளளவை உயர்த்தும் தந்திரத்துக்கு இவ்வாய்வு ஆயுதமாகக் கூடாது. ஆய்வின் முடிவு ஆங்கில ஏட்டில் அச்சேறுமுன், அளவெடுக்க முகம் கொடுத்த பெண்களுக்குப் பிரட்டுக்களத்திலே தமிழில் சொல்லப்பட வேண்டும்.