கார் நிற்கும் நாளின் விலை

கடந்த மாதம் என் மூத்த மகன் ஒரு காரைப் பார்த்துவிட்டு வந்து அதன் படங்களைக் கைபேசியில் காட்டினான். டர்போ எஞ்சின், தாழ்ந்த உடம்பு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றுவதற்கென்று இரண்டு காதுகள். விலையையும் சொன்னான். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "வாப்பா, நீங்க ஓட்டுறது கார் இல்ல, நாலு சில்லு பூட்டின அலுமாரி" என்றான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்தப் பேச்சு இப்போது அநேகமாக நம்மவர்களின் எல்லா வீடுகளிலும் நடக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஐந்து வருடங்களாக ஒரே வாகனங்களைத்தான் நாம் ஒருவருக்கொருவர் கைமாற்றிக் கொண்டிருந்தோம். கதவு திறந்ததும் இளைஞர்களின் கண் புதியவற்றின் மேல் போவது இயல்புதான். ஆனால் கார் வாங்குபவர் ஒரு வியாபாரியாக இருந்தால், அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் கேள்வியை நான் காலம் கடந்துதான் கற்றுக்கொண்டேன். கற்ற விதத்தை இங்கே சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. என்னைப் போல் இன்னும் பத்துப் பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன்.

நான் அக்குறணையில் குடியிருந்து கண்டி கொழும்பு வீதியில் புடவைக்கடை நடத்துபவன். என் வாப்பாவிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. அதன் பின் ஆசனத்தைக் கழற்றி வைத்துவிட்டு புறக்கோட்டையிலிருந்து துணிக்கட்டுகளை ஏற்றி வருவார். என் காலத்தில் நிஸான் சனி ஒன்று, அதன் பிறகு 301 இலக்கத் தொடரில் ஒரு கொரோலா 110. அந்தக் கொரோலாவைப் பற்றிச் சொல்வதற்குக் கதை எதுவுமே இல்லை. அதிகாலை நான்கு மணிக்குச் சாவியைத் திருப்பினால் ஓடும். இரவு பத்து மணிக்குக் கடுகண்ணாவை ஏற்றத்தில் சரக்கோடு வந்தாலும் ஓடும்.

2018ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அதை விற்றேன். அப்போது 1000 சிசிக்குட்பட்ட எஞ்சின்களுக்கு இறக்குமதி வரி குறைவு என்பதால், சிறிய எஞ்சினில் டர்போ பூட்டிய கார்கள் நாட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தன. அவற்றில் ஒன்றை ஐந்து வருட லீசிங்கில் எடுத்தேன். கம்பனியின் பெயர் வேண்டாம். குற்றம் அதனுடையதல்ல, என்னுடையது.

அந்தக் கார் தந்த சந்தோஷத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. ஒருமுறை மஹியங்கனையில் நிலுவை வசூலித்துவிட்டு, பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற அந்தப் பாதையால் ஹுன்னஸ்கிரியவை நோக்கி ஏறி வந்தேன். பிற்பகல் நேரம். பாதையில் யாருமில்லை. நினைத்த இடத்தில் திரும்புகிறது, மிதித்தவுடன் பாய்கிறது. ஐம்பது வயது மனிதன் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன் என்றால் நம்புவீர்களா? மலைநாட்டுப் பாதைகளுக்கு அப்படியொரு குணம் உண்டு. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி 1930களில் தொடங்கியது சும்மா இல்லை. ஆகவே காரோட்டுவதில் இன்பம் காண்பவர்களை ஏளனம் செய்யும் கூட்டத்தில் நான் இல்லை.

2022 பெப்ரவரி கடைசி வாரம் அந்தக் கார் கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்றது. கியர் பெட்டியைக் கட்டுப்படுத்தும் இலத்திரனியல் பகுதி பழுது. கண்டியில் அதைத் திறந்து பார்க்கக் கூடிய கராஜ் கிடைக்கவில்லை. கொழும்புக்குக் கட்டி இழுத்துச் சென்றோம். அங்கே, பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வங்கிகளில் டொலர் இல்லை, எல்சி திறக்க முடியவில்லை. பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கொரோலாவுக்கு வேண்டியது அங்கே குவிந்து கிடந்தது. என் காருக்கு ஒரு ஆணி கூட இல்லை.

அது நோன்புப் பெருநாளுக்கான சரக்கு எடுக்கும் காலம் என்பதை புடவை வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மார்ச் 7ஆம் திகதி வரை 203 ரூபா அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர், அம்மாத முடிவில் 290ஐத் தாண்டியது. புறக்கோட்டையில் காலையில் சொன்ன விலை மாலையில் இல்லை. நேரில் போய்க் காசைக் கையில் கொடுத்தவனுக்குத்தான் துணி. நானோ வாடகை வேனுக்காக அலைந்து கொண்டிருந்தேன். வேன்காரர்களோ டீசல் வரிசையில் நின்றார்கள். இரண்டு கிழமைகள் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது, என் பணத்துக்கு நினைத்த துணியில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைத்தது. அந்தப் பெருநாள் சீசனில் என் தட்டுகளில் பாதி வெறுமையாகக் கிடந்தது. லீசிங் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

கார் ஜூலையில் திரும்பி வந்தது. அந்த நேரம் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டிருந்தது. கியூஆர் முறை அறிமுகமாகி, ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வரையறுத்தார்கள். கண்டியிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஏறத்தாழ 230 கிலோமீற்றர். சரக்கோடு மலையேறும்போது என் கார் லீற்றருக்குப் 11 கிலோமீற்றர்தான் ஓடியது. கணக்குப் பார்த்தால் 220. அதாவது, பிலிமத்தலாவையில் இறங்கித் தள்ள வேண்டும்! நான் விற்ற பழைய கொரோலா அதே 20 லீற்றரில் போய்வந்து, மிச்சத்துக்குக் கடைக்கும் வீட்டுக்கும் இரண்டு நாள் ஓடியிருக்கும்.

அந்த வருட முடிவில் அதை விற்றேன். இறக்குமதித் தடை காரணமாக, வாங்கிய விலையை விடக் கூடுதலாகவே விலை போனது. "காரில் நல்ல லாபம் பார்த்திட்டீங்க நானா" என்று கடைத்தெருவில் கை குலுக்கினார்கள். வியாபாரிகளாகிய நாமே இப்படி ஏமாறுகிறோம். நான் அந்தக் காரை எடுத்தபோது டொலர் 160 ரூபா அளவில் இருந்தது. விற்றபோது 360ஐத் தாண்டி இருந்தது. ரூபாவில் கூடியிருக்கிறது, மெய்தான். ஆனால் அந்தப் பணத்தைப் புறக்கோட்டைக்குக் கொண்டு போனால், 2018இல் வாங்கியிருக்கக் கூடிய துணியில் பாதிக்குச் சற்று மேலேதான் வரும். அதைவிடப் பெரிய விடயம், அந்த விலையேற்றம் ஒரு தடையால் வந்தது. கார் என்பது சேமிப்பு, எப்போதும் விலை ஏறும் என்று அந்த ஐந்து வருடங்களில் நாம் பழகிவிட்டோம். கப்பல்கள் மீண்டும் வரத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தில் முதலைப் போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, அப்படியானால் உறுதியான கார் எது? நம்மில் அநேகர் ஒரு கம்பனியின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். என் அனுபவத்தில் உறுதி என்பது பாதி காரில் இருக்கிறது, மற்றப் பாதி பத்து மைலுக்குள் இருக்கும் பாஸிடம் இருக்கிறது. அவருக்கு அந்த எஞ்சின் தெரிந்திருக்க வேண்டும், அன்றைக்கே பாகம் கிடைக்க வேண்டும். மொரிஸ் மைனரை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் உற்பத்தி 1970களின் ஆரம்பத்திலேயே இங்கிலாந்தில் நின்றுவிட்டது. ஆனாலும் நம் நாட்டில் அது ஓடிக்கொண்டே இருந்தது. காரணம், ஒவ்வொரு ஊரிலும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டத் தெரிந்த பாஸ்மார் இருந்தார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், ஒரு காரைத் திருத்தித் திருத்தி ஆயுள் முழுக்க வைத்திருப்பதே சிக்கனம் என்று 1982இல் புத்தகமே எழுதியவர். 1990களில் அவர் அந்தக் காருக்கான பாகங்களைச் செய்விக்கத் தேடி வந்த இடம் இலங்கைதான். வெள்ளைக்காரனின் காருக்கு வெள்ளைக்காரனே நம்மிடம் வந்து பாகம் செய்வித்தான் என்பதை வாப்பா கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

மலைநாட்டில் இன்னொரு விடயமும் உண்டு. தட்டையான நாட்டில் நன்றாக ஓடும் ஒரு தொழில்நுட்பம் இங்கே தவித்துப் போகலாம். இரட்டைக் கிளச் கொண்ட கியர் பெட்டிகள் வேகமாகப் போகும்போது அருமையானவை. ஆனால் எண்ணெயில் மூழ்காத உலர் கிளச் வகையாக இருந்தால், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே மாலை நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஏற்றத்தில் நகரும்போது கிளச் உரசி உரசிச் சூடேறும். புதிய தொழில்நுட்பத்தின் முதல் வருடங்கள் பெரிய கம்பனிகளையே தடுமாற வைக்கும். ஹொண்டா தன் பிட் ஹைபிரிட் கார்களை 2013, 2014ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் பல தடவை திருப்பி அழைத்தது. ஐந்தாவது அழைப்பின்போது அதன் தலைவரே சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். பின்னர் அதையெல்லாம் திருத்திக் கொண்டார்கள். ஆனால் அந்த முதல் வருடங்களில் பரிசோதனைக்கு ஆளாகும் வாடிக்கையாளராக ஒரு புடவைக்கடைக்காரன் ஏன் இருக்க வேண்டும்?

தாழ்ந்த உடம்பு கொண்ட காரைப் பற்றி அக்குறணை மக்களுக்கு நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பிங்கா ஓயா சொல்லும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உறுதியான கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. அது ஓடுகிறது என்பதற்காக எதையும் பார்க்க மாட்டார்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். மாற்றாமல் கடுகண்ணாவையில் கால் எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டு இறங்கினால், சூட்டில் அது கொதித்து, மிதி வெறுமனே உள்ளே போகும். அந்த நேரத்தில் எந்த ஜப்பான் கம்பனியின் பெயரும் காப்பாற்றாது. ரசித்து ஓட்டுபவன் தன் காரின் சத்தம் மாறினால் உடனே அறிவான். அலுமாரி ஓட்டும் என்னைப் போன்றவர்கள் அறிய மாட்டோம். டொயோட்டாவின் தலைவராக இருந்த அக்கியோ டொயோடாவே மொரிசோ என்ற புனைபெயரில் பந்தயக் கார் ஓட்டுபவர். உறுதிக்குப் பெயர்போன கம்பனியின் முதலாளிக்கே அந்த ஆசை இருக்கும்போது, என் மகனிடம் மட்டும் அது இருக்கக் கூடாது என்று நான் எப்படிச் சொல்வது?

ஆகவே அவனிடம் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கடதாசியை எடுத்து இரண்டு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். இந்தக் கார் மூன்று மாதம் கராஜில் நின்றால் கடைக்குச் சரக்கு எப்படி வரும்? இதற்குப் போடும் முதல் கடையிலிருந்து வருகிறதா, கடை தந்த லாபத்தின் மிச்சத்திலிருந்து வருகிறதா? சரக்கு எடுக்க வேறு வாகனம் இருந்து, பணமும் மிச்சத்திலிருந்து வருமானால், அவன் விரும்பியதை வாங்கட்டும், நானும் ஒருமுறை ஹுன்னஸ்கிரிய வரை ஓட்டிப் பார்ப்பேன். கடையின் முதலிலிருந்து வருமானால், அது காருக்குக் கொடுக்கும் பணமல்ல, அடுத்த பெருநாளின் துணி.

இரண்டு நாள் கழித்து அந்தக் கடதாசியைத் திருப்பித் தந்தான். இரண்டாவது கேள்விக்குக் கீழே பதில் எழுதப்படவில்லை. அதற்குப் பதிலாக, கையால் கியர் மாற்றும் பழைய சிறிய கார் ஒன்றின் விலையை எழுதியிருந்தான். புதியதன் விலையில் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. எடை குறைவு, பாகங்கள் பஞ்சிகாவத்தையில் கிடக்கின்றன, நம் பாஸுக்கு அந்த எஞ்சின் மனப்பாடம். "இதுவும் வளைவில நல்லா திரும்பும் வாப்பா" என்றான். இந்த ஞாயிற்றுக்கிழமை பாஸையும் கூட்டிக்கொண்டு மாத்தளைக்குப் போய் அதைப் பார்க்க இருக்கிறோம். அடிப்பாகத்தில் துரு இல்லாவிட்டால் விலை பேசுவதாக உத்தேசம்.