செம்மறிக் குட்டியின் எடையும் அளவுநாடாவும்

சூளூர்பேட்டை வட்டாரம் 2022ஆம் ஆண்டில் நெல்லூர் மாவட்டத்தினின்று பிரிந்து திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது; அங்கு மேயும் செம்மறிக்கு நெல்லூர் இனம் என்னும் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. பல்லா, ஜோடிப்பி, டோரா என மூவகைப்பட்ட இவ்வினம் இந்தியச் செம்மறிகளுள் மிக உயரமானது. கால் நீண்ட குட்டியைப் பார்வையால் மதிப்பிடுவோர் எளிதில் ஏமாறுவர். வியாபாரி கையால் தூக்கிப் பார்த்து ஒரு விலை கூறுவான். அதை மறுத்துரைக்க வளர்ப்போனிடம் யாதொரு கணக்கும் இராது. குடற்புழு மருந்தும் எடையைப் பொறுத்ததே. அளவு குறைந்தால் புழுக்கள் பிழைப்பதோடு, நாளடைவில் அம்மருந்துக்கே அடங்காதனவாகவும் ஆகின்றன.

தராசு இல்லாதவிடத்து வழங்கிவரும் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, அங்குலக் கணக்காயின் 300ஆல் வகுத்தால் எடை ராத்தலில் கிடைக்கும். சென்டிமீட்டராயின் ஏறத்தாழ 10,840ஆல் வகுத்துக் கிலோகிராமில் பெறலாம். சுற்றளவு 60, நீளம் 50 எனில் எடை 16.6 கிலோ. நாடா தளர்ந்து சுற்றளவு 62 எனக் காட்டினால் 17.7 ஆகிவிடும், நீளத்தில் அதே பிழை நேர்ந்தால் 17.3 மட்டுமே. ஆகவே கவனமெல்லாம் சுற்றளவின்மீது இருத்தல் வேண்டும். இதனை 'இதயச் சுற்றளவு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதுவாருமுளர். நாடாவை எங்கே வைப்பது என்பது அச்சொல்லால் விளங்காது. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே, மார்பைச் சுற்றி என்று எழுதிவிடுவதே மேல். நெல்லூர் ஆட்டுக்குக் கம்பளி இல்லாமை இங்கே ஓர் அனுகூலம். நாடா உடலோடு ஒட்டி நிற்கும்.

ஆயினும் 300 என்பது வேதவாக்கன்று. அதை அவ்வாறே அட்டவணையாக்கிக் களப்பணியாளர் கையில் கொடுப்பதை நான் ஒப்பவில்லை. பிறந்த குட்டிக்குக் கால்களே பெரிது. மார்பும் இடுப்புச் சதையும் பின்னரே நிறைகின்றன. எனவே பால்குடிக் குட்டிக்குப் பொருந்தும் வகுஎண் பால்மறந்த குட்டிக்குப் பொருந்த வேண்டுமென்பதில்லை. வேறோர் இனத்தில் கண்ட எண்ணும் இங்கே தவறலாம்.

செய்யத்தக்கது கடினமானதன்று. காலையில் மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் முன்னர், சமதரையில் நேராக நிறுத்தி, நாற்பது ஐம்பது குட்டிகளை அளக்க வேண்டும். நீளத்தைத் தோள்முனையிலிருந்து பின்புறப் புட்டெலும்பு முனை வரை கொள்க. உடனே தூக்குத் தராசில் நிறுத்து, கிடா, பெட்டை, வயது எனப் பிரித்து எழுதிக்கொள்க. பெருக்கற்பலனை உண்மை எடையால் வகுத்துச் சராசரி கண்டால், அம்மந்தைக்குரிய வகுஎண் கிடைக்கும். எட்டாம் வகுப்பு மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள கணக்குப் பாடம் கிடைப்பது அரிது. ஆசிரியர்கள் இதில் முன்வரலாம்.

அந்த எண் கைக்கு வரும்வரை, மருந்து ஊட்டுங்கால் ஒத்த வயதுக் குட்டிகளுள் மிகக் கனத்ததன் எடையையே கூட்டம் முழுமைக்கும் அளவாகக் கொள்க. பருவ வேறுபாடு மிகுந்த மந்தையாயின் குட்டிகளை முதலில் பிரித்துக் கட்டிவிடுதல் அவசியம்.