கோழிக்கு டாக்டர் உண்டு, தொட்டிக்கு?

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போகிறவரா நீங்கள்? வழியில் ஒரு புளித்த வாடை வரும். அது சேகோ ஃபேக்டரி கழிவுநீர். அப்புறம் கண்ணைக் கரிக்கிற நெடி, அது கோழிப்பண்ணை. 'என்னய்யா ஊர் இது' என்று மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். சார், அந்த இரண்டு நாற்றத்தையும் முறையாகச் சேர்த்தால் அடுப்பு எரியும்!

நாமக்கல் பண்ணைக்காரரிடம், ஒரு கோழிக்கு எத்தனை கிராம் தீவனம், எந்த வாரம் எந்தத் தடுப்பூசி என்று கேளுங்கள். தூக்கத்தில்கூடச் சொல்வார். ஆனால் எரிவாயுக் கலனும் ஒரு பண்ணைதான் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா?

அதற்குள் ஒரு கூட்டம் கழிவைக் கரைக்கும். இன்னொன்று அமிலமாக்கும். மூன்றாவது அதை இன்னும் உடைக்கும். கடைசிப் பந்தியில் உட்காருகிறவைதான் மீத்தேன் தருபவை. இவை பாக்டீரியாவே இல்லை, தனி வம்சம் என்று 1977-ல் அமெரிக்காவின் கார்ல் வோஸ் சொன்னார். ஆர்க்கியா என்று இன்று பெயர். சரியான நோஞ்சான்கள்! காற்றுப் பட்டால் ஆகாது, பெருக நாள்கணக்காகும், புளிப்பு ஏறினால் ஸ்டிரைக்.

கோழி எச்சத்தில் நைட்ரஜன் ஜாஸ்தி. தனியாகக் கொட்டினால் அம்மோனியா ஏறி இவை முடங்கிவிடும். சேகோ தண்ணீரில் மாவுச்சத்து ஜாஸ்தி, நைட்ரஜன் சொற்பம். அவசரமாக ஊற்றினால் புளித்துப்போகும். (கிழங்கில் உள்ள சயனைடு வேறு!) ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 20 முதல் 30 பங்கு கார்பன் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கோழி எச்சத்தில் பெரும்பாலும் 10-கூடத் தேறாது. ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் வழிகிறது. இரண்டும் அடுத்தடுத்த தோட்டத்தில். நாம் என்ன செய்கிறோம்? அதை ஓடையில் விட்டுக் கிணற்றைக் கெடுக்கிறோம், இதைக் குவித்து ஈ வளர்க்கிறோம்.

முடியாத காரியமில்லை. கோழி எச்சத்தில் 2.4 மெகாவாட் மின்சாரம் எடுக்க நாமக்கல் மாவட்டத்திலேயே நிலையம் அமைத்தார்கள். சில சேகோ ஆலைகளிலும் எரிவாயுக் கலன்கள் வந்தன. சிக்கல் சின்ன ஆளுக்குத்தான். மத்திய அரசின் சிறு கலன் திட்டங்கள் மானியத்தைக் கலனின் கன மீட்டரை அளந்து கொடுத்தன. தினம் எவ்வளவு காஸ் வந்தது என்று அளந்து அல்ல. தொட்டிக்குத் துட்டு, உள்ளே இருக்கிற உயிருக்கு?

கோழிக்குச் சீக்கு வந்தால் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. தொட்டிக்கு அஜீரணம் வந்தால் யாரிடம் போவது? ஐயா அதிகாரிகளே, அந்த மானியத்தில் கொஞ்சம் கிள்ளி, தாலுகாவுக்கு ஒரு ஆளைப் போடுங்கள். புளிப்பையும் அம்மோனியாவையும் பார்க்கத் தெரிந்தவராக இருக்கட்டும். 'இன்னிக்கு எச்சம் வேண்டாம், ரெண்டு குடம் மாவுத்தண்ணி மட்டும் ஊத்துங்க' என்று சொல்ல ஒரு வாய் போதும்.