வாசல்வரை வந்த இணையம் வீட்டுக்குள் வரட்டும்

2009-ஆம் ஆண்டின் தொடக்கம். எஸ்டிபிஎம் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். ஜோர்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் சேர்த்து வைத்திருந்த பணத்தில், கொம்தாரில் ஒரு பழைய கணினியை வாங்கினோம். வீட்டில் இணையம் வைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டோம். கடைக்காரர் மலாயில் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: “வீட்டில் தொலைபேசி இருக்கிறதா?”

இல்லை. அந்த வீட்டுக்குக் குடிவந்தபோதே அப்பாவிடமும் அம்மாவிடமும் கைப்பேசி இருந்தது. பிறகு எதற்கு வீட்டுத் தொலைபேசி, அதற்கு ஒரு மாதக் கட்டணம் என்று விட்டுவிட்டோம். இப்போது இணையத்துக்காகவாவது கம்பி இழுக்கலாம் என்று வீட்டு உரிமையாளரிடம் கேட்டோம். சுவரில் துளை போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். கணினி மேசைமேல் இருந்தது, இணையம் இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு இணையம்வழி விண்ணப்பிக்க வேண்டிய நாள் வந்தது. அப்பாவும் நானும் இணைய மையத்துக்குப் போனோம். மணிக்கணக்கில் காசு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கண் கடிகாரத்திலேயே இருந்தது. எந்தத் துறையில் என்ன படிக்க வேண்டும், படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் என்று ஒரு பக்கத்தைக்கூட முழுதாக வாசிக்காமல், பெயரைப் பார்த்தே விருப்பங்களை வரிசைப்படுத்தினேன். என் வாழ்க்கையின் பெரிய முடிவை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தேன். கிடைத்த படிப்பு கெட்ட படிப்பல்ல. ஆனால், நிதானமாக வாசித்துப் பார்த்திருந்தால் அதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன்.

அன்று எனக்குப் புரியாத ஒன்று, இணையத்துக்கு ஏன் தொலைபேசி வேண்டும் என்பது. பின்னர்தான் தெரிந்துகொண்டேன். நம் நாட்டில் 2001-இல் அறிமுகமான ஸ்ட்ரீமிக்ஸ் சேவை, தொலைபேசிக்காகப் போடப்பட்ட செம்புக் கம்பியிலேயே ஓடியது. நாம் பேசும் குரலுக்கு அந்தக் கம்பியில் தாழ்ந்த அலைவரிசை போதும். மீதமிருந்த உயர்ந்த அலைவரிசைகளில் இணையத் தரவு போனது. இரண்டும் கலந்துவிடாமல் பிரிக்க, சுவரோரம் ஒரு சிறு பெட்டி. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு வேகம் குறையும்.

ஆக, தொழில்நுட்பத்துக்குத் தேவைப்பட்டது கம்பி. தொலைபேசி எண் அல்ல. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், அதே செம்புக் கம்பியில் தொலைபேசிச் சேவை இல்லாமல் இணையத்தை மட்டும் விற்றார்கள். ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்பது அறிவியல் விதியல்ல, வணிக ஏற்பாடு. இந்த வேறுபாட்டை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. “முடியாது” என்று யாராவது சொன்னால், உண்மையிலேயே முடியாதா, அல்லது அப்படி ஏற்பாடு செய்யவில்லையா என்று கேட்கும் பழக்கம் வரும்.

பிறகு காலம் மாறியது. 2008-இல் பி1, 2010-இல் யெஸ் எனக் கம்பியில்லா இணையச் சேவைகள் வந்தன. 2010 மார்ச் மாதம் யுனிஃபை கண்ணாடியிழை இணையம் அறிமுகமானது. கண்ணாடியிழையில் ஓடுவது ஒளி. அதில் பழைய தொலைபேசிக்கு இடமில்லை. வீட்டுத் தொலைபேசி வேண்டுமென்றால், அது இணையத்தின் மேல் ஏறித்தான் வரவேண்டும். ஒரு காலத்தில் தொலைபேசியின் முதுகில் வந்த இணையம், இன்று தொலைபேசியைத் தன் முதுகில் சுமக்கிறது. “வீட்டில் தொலைபேசி இருக்கிறதா?” என்ற கேள்வி செத்துவிட்டது.

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? தீரவில்லை என்பதே என் கருத்து.

இன்று நான் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறேன். என்னிடம் படிக்கும் ஒரு மாணவி ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். பக்கத்து வீட்டில் கண்ணாடியிழை இணையம் இருக்கிறது. அவள் வீட்டில் இல்லை. 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவள் அம்மாவுக்குப் பயம். அதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் மீதி மாதத்துக்கு யார் கட்டுவது? உரிமையாளரோ தம் பெயரில் இணைப்பு எடுத்துத் தர மாட்டார். அதனால் அவள் இரவில் மாடிப்படியில் உட்கார்ந்து பாடவேலைகளை அனுப்புகிறாள். அங்குதான் கைப்பேசிக்கு அலை நன்றாகக் கிடைக்கிறதாம். நான் பட்டதும் அவள் படுவதும் ஒன்றுதான். அன்று தடை தொலைபேசி. இன்று தடை ஒப்பந்தமும் வாடகையும்.

“கைப்பேசியில்தான் இணையம் இருக்கிறதே, அது போதாதா?” என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரக் காணொலி வகுப்புக்கு ஏறக்குறைய 1 ஜிகாபைட் செலவாகும். ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் என்றால் மாதம் 80 ஜிகாபைட். வீட்டில் 2 பிள்ளைகள் என்றால் 160. இதில் பாட நூல், பயிற்சி, ஒப்படைப்பு எதுவும் சேரவில்லை. மேலும், கைப்பேசிக் கோபுரத்தின் வேகத்தை அந்த வட்டாரமே பங்குபோட்டுக்கொள்கிறது. எல்லாரும் வீடு திரும்பும் மாலை நேரத்தில், நாம் படிக்க உட்காரும் அதே நேரத்தில், அது மந்தமாகிவிடும். ஜோர்ஜ் டவுன் கடைவீடுகளின் தடித்த செங்கல் சுவர்களைத் தாண்டி அலை உள்ளே வருவதும் கடினம். அப்பா வேலைக்குப் போனால் அவருடைய கைப்பேசியோடு இணையமும் வெளியே போய்விடும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நாடே இதை நேரில் கண்டது. சபாவின் பித்தாஸில் ஒரு மாணவி இணைய அலை தேடி மரத்தின்மேல் ஏறித் தேர்வு எழுதினார். அது காட்டோரக் கிராமத்தின் கதை என்று நாம் பேசினோம். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஏற மரமில்லை. மாடிப்படிதான் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. 2022 இறுதிக்குள் மக்கள் வசிக்கும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி, 75 லட்சம் கட்டடங்களுக்குக் கண்ணாடியிழை வசதி என்பவை அதன் இலக்குகளில் அடங்கும். நல்ல திட்டம். நாடு அதனால் பயனடைந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அந்த 75 லட்சம் எதைக் குறிக்கிறது என்று கவனியுங்கள். கம்பி கடந்து செல்லும் கட்டடங்களை, அதாவது விரும்பினால் இணைப்பு எடுக்கக்கூடிய இடங்களை, அது குறிக்கிறது. இணைப்பு எடுத்துவிட்ட வீடுகளை அல்ல. என் மாணவியின் வீடும் அந்தக் கணக்கில் வரக்கூடிய வீடுதான். குழாய் தெருவில் ஓடுகிறது என்பதற்காக வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்வோமா?

உரிமையாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பழைய சுவரில் துளை போட யாருக்கும் மனம் வராது. கட்டணம் பாக்கி வைத்துவிட்டுப் போன குடித்தனக்காரர்களால் சூடுபட்டவர்களும் இருக்கிறார்கள். நிறுவனங்களும் கருவியையும் கம்பியையும் வைத்துவிட்டு, ஒப்பந்தக் காலத்தில்தான் அந்தச் செலவை மீட்கின்றன. ஆனால், இந்தக் காரணங்களின் விலையைப் படிக்கும் பிள்ளை மட்டும் ஏன் கட்ட வேண்டும்?

நான் கேட்பவை மூன்று. முதலாவது, படிக்கும் பிள்ளைகள் உள்ள வாடகை வீடுகளுக்குக் குறுகிய கால ஒப்பந்தம் வேண்டும். வீடு மாறினால் தண்டமின்றி இணைப்பையும் மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும். இரண்டாவது, தண்ணீர், மின்சாரத்தைப் போல இணையக் கம்பிக்கான அனுமதியும் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். மூன்றாவது, எத்தனை வீடுகளைக் கம்பி கடந்தது என்பதோடு, மாணவர் உள்ள எத்தனை வீடுகளுக்குள் அது நுழைந்தது என்பதையும் அரசு எண்ணிச் சொல்ல வேண்டும்.

மாணவர்களே, நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை தேடும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்பே, “இங்கே கண்ணாடியிழை இணைப்பு இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது?” என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் காலத்தையும், இடையில் நிறுத்தினால் வரும் கட்டணத்தையும் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். புரியாததைக் கேட்பது வெட்கமல்ல. சேவையில் குறையிருந்து நிறுவனத்திடம் தீர்வு கிடைக்காவிட்டால், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். வீட்டில் இணையம் வரும்வரை, 2016-இல் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் திறக்கப்பட்ட பினாங்கு மின்னிலக்க நூலகம் இருக்கிறது. அங்கே உங்கள் பக்கத்தில் யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் நூலகம் வீடாகாது. தன் எதிர்காலத்தைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்குத் தன் வீட்டு மேசையில், அவசரமில்லாமல் வாசித்துப் பார்க்க ஒரு முழு இரவு வேண்டும். எனக்குக் கிடைக்காத அந்த இரவு என் மாணவிக்காவது கிடைக்க வேண்டும்.