வடிவியலும் வாரிசுரிமையும்

“பெண் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் வரும், வடிவியல் வராது” என்னும் பேச்சு பள்ளி ஆசிரியர் அறைகளில் இன்றும் ஒலிக்கிறது. இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது மனச்சுழற்சிச் சோதனை. 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் அறிமுகப்படுத்திய இதில், முப்பரிமாண உருவொன்றை மனத்திலேயே சுழற்றி மற்றோர் உருவுடன் ஒப்பிட வேண்டும். இத்தகைய சோதனைகளில் ஆண்களின் சராசரி கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அதை மறுக்க வேண்டியதில்லை. அவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

இக்கேள்வியை வடகிழக்கு இந்தியாவில் வைத்து ஆராய்ந்தவர்கள் ஹாஃப்மன், நீசி, லிஸ்ட் ஆகிய மூவர். அவர்களுடைய ஆய்வு 2011இல் வெளிவந்தது. அண்டை அண்டையாக வாழும் இரு சமூகங்களை அவர்கள் ஒப்பிட்டனர். காசியரிடம் குடும்பச் சொத்து தாய்வழியே இளைய மகளைச் சேர்கிறது. கார்பியரிடம் அது ஆண்வழியே செல்கிறது. ஏறத்தாழ 1,300 பேரிடம் நான்கு துண்டுகளாலான ஒரு புதிர் தரப்பட்டது. கார்பியரில் ஆண்கள் பெண்களைவிடத் தெளிவாக விரைந்து முடித்தனர். காசியரிடம் புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கல்வியாண்டுகளைக் கணக்கில் கொண்டபோது கார்பியரிடமும் இடைவெளி குறைந்தது.

ஒரு புதிரை வடிவியல் முழுமைக்கும் ஈடாக்க இயலாது. இரு சமூகங்களும் சொத்துரிமையில் மட்டுமே வேறுபடுவன என்றும் கூற இயலாது. ஆயினும், இவ்விடைவெளி எங்கும் மாறாத இயற்கை நியதி என்னும் கூற்று இதற்குப் பின் நிலைக்காது.

வெளிசார் திறன் பயிற்சியால் வளர்வது. 2013இல் உட்டலும் அவருடன் பணியாற்றியோரும் 217 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, இருபாலரும் பயிற்சியால் முன்னேறுவதே தெரியவந்தது. நம் வகுப்பறைகளிலோ அப்பயிற்சி அரிது. தேற்றத்தை மனப்பாடம் செய்து நிறுவலை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன் வலையமைப்பைக் காண்பதற்கும், தாளை மடித்துச் சமச்சீரை உணர்வதற்கும் பாடவேளையில் இடமில்லை. பள்ளி கற்பிக்காத இத்திறனை மாணவர் வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. மாலையில் மைதானத்துக்கும் மிதிவண்டிக்கும் உரிமை பெற்றவருக்கு அது எளிது. விளக்கு வைக்கும் முன் வீடு திரும்ப வேண்டியவருக்கு அரிது. பின்னர் தேர்வு இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறது.

ஒரு மாணவி கனவுருவப் படத்தின் முன் தடுமாறும்போது, அவளுக்கு வடிவியல் வராது என்று முடிவு செய்வது எளிது. அத்திறன் அவளுக்கு எந்த வகுப்பில், எத்தனை பாடவேளை கற்பிக்கப்பட்டது என்பதை ஆசிரியர் முதலில் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.